ஆனையா, போர்வையா?

தூங்கும்போதும் பயப்படும்போதும் பிள்ளைகள் விடாமல் கட்டிக்கொள்ளும் பொருள் ஒன்று இருக்குமே, என் மூத்தவளுக்கு அது ஒரு சாம்பல் நிற யானை பொம்மை. இளையவனுக்கு ஒரு மெல்லிய பருத்திப் போர்வை. முன்னது தானாக அமைந்தது, பின்னது நாங்கள் பார்த்துப் பார்த்து வைத்தது. ஆறு வருஷம் அந்த யானையைக் கட்டி மேய்த்த அலுப்பில், இரண்டாவது பிறந்ததும் நான் செய்த முதல் வேலை, வீட்டிலிருந்த பஞ்சு பொம்மைகளை எல்லாம் மூட்டை கட்டியதுதான். ஆகவே நடுநிலையான தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். நான் போர்வைக் கட்சி.

எதைப் பிடித்துக்கொள்வது என்பதைக் கடைசியில் பிள்ளைதான் முடிவு செய்யும். சில பிள்ளைகள் எதையுமே பிடித்துக்கொள்ளாமல் வளர்ந்துவிடும், அதிலும் குறை ஒன்றுமில்லை. ஆனால் கைக்கு எட்டுவதில்தான் மனசும் போகும். குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட் 1951-ல் இதைப் பற்றிப் பேசியபோது, சுமார் 4 மாதத்திலிருந்து 12 மாதத்துக்குள் இந்தப் பிடிப்பு தொடங்குவதாகச் சொன்னார். அந்த மாதங்களில் பிள்ளையின் பக்கத்தில் எதைப் போட்டு வைக்கிறோம் என்பது நம் பொறுப்பு. ஒரு வயது நிறையும்வரை தூங்கும் இடத்தில் போர்வையும் கூடாது, பொம்மையும் கூடாது, மூச்சு அடைக்கும். விழித்திருக்கும் நேரத்தில், நாம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். இதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. விலை, மென்மை, அழகு பற்றியெல்லாம் பேசவும் ஒன்றுமில்லை.

பொம்மைக்கு உள்ள ஒரே பெரிய பலம் அதன் முகம். "ஆனைக்குப் பயமா இருக்காம்" என்று சொல்லித்தான் என் மகள் தன் பயத்தைச் சொன்னாள். புதுப் பள்ளிக்கூடம், தடுப்பூசி, தம்பி வந்த பொறாமை எல்லாமே ஆனை வழியாகத்தான் என் காதுக்கு வந்தது. போர்வை இப்படித் தூது போகாது. இளையவன் மனசில் ஏதாவது இருந்தால் போர்வையை முகத்தில் மூடிக்கொள்வான், அவ்வளவுதான். நான்தான் தோண்டித் துருவ வேண்டும். இதில் யானைக்கு முழு மதிப்பெண்.

ஆனால் தூங்கும் நேரத்தில் அவளுக்கு முழு யானை தேவைப்படவில்லை. தும்பிக்கையின் நுனி மட்டும் போதும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்ப்பாள், அப்புறம் அது வாய்க்குள் போகும். காது, கால், வயிறு எல்லாம் கூடவே வந்த சுமை. 1950-களில் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளை வைத்துச் செய்த சோதனை நினைவுக்கு வரும். பால் கொடுத்தது கம்பியால் செய்த பொய்த்தாய்தான் என்றாலும், குட்டிகள் துணி சுற்றிய பொய்த்தாயிடமே ஒட்டிக் கிடந்தன. கொடுமையான சோதனை, படித்தாலே வயிறு கலங்கும். ஆனாலும் தொடுகைதான் விஷயம் என்பது அதில் தெளிவு. அப்படிப் பார்த்தால் போர்வை என்பது நாலு மூலையிலும் தும்பிக்கை.

சரி, துவைக்கும் கதைக்கு வருகிறேன். என்னைக் கட்சி மாற வைத்தது இதுதான்.

பொம்மையைத் தலையணை உறைக்குள் போட்டு, வாயைக் கட்டி, மெஷினில் போடலாம். வெளியே எடுக்கும்போது மேல்துணி பளிச்சென்று இருக்கும், உள்ளே பஞ்சு தண்ணீரைக் குடித்துக் கனக்கும். துண்டில் சுருட்டிப் பிழிந்து கொடியில் போட்டால், மாலைக்குள் தொட்டுப் பார்க்கக் காய்ந்தது போலவே இருக்கும். வயிற்றை அழுத்தினால்தான் ஈரம் தெரியும். அப்படியே கொடுத்துவிட்டால் இரண்டு நாளில் மக்கிய வாடை வரும். முழுசாகக் காய எங்கள் யானைக்கு இரண்டு பகல் வேண்டும். இரண்டு பகலுக்கு நடுவே ஒரு ராத்திரி வருமே, அந்த ராத்திரியில் வீட்டில் யாரும் தூங்கியதில்லை.

மகளுக்கு அடுக்குத் தும்மல் வேறு. தூசுப் பூச்சிகள் சாக 60 டிகிரி வெந்நீர் வேண்டும். பசை வைத்து ஒட்டிய கண்ணும் செயற்கை ரோமமும் அந்தச் சூட்டைத் தாங்குமா என்ற பயத்தில், பையில் கட்டி ஒரு நாள் முழுக்க ஃப்ரீஸரில் வைத்தோம். உறைந்தால் பூச்சி சாகும், உண்மைதான். ஆனால் செத்த பூச்சியும் அதன் கழிவும் பஞ்சுக்குள்ளேயே கிடக்கும், தும்மலைக் கிளப்புவதும் அதுதான். எப்படியும் துவைத்தே தீர வேண்டும். ஃப்ரீஸரைத் திறந்தவள் உள்ளே ஆனையைப் பார்த்து அலறியது தனிக் கதை.

போர்வைக்கு இந்தப் பாடு எதுவும் கிடையாது. காலையில் அவன் விளையாடப் போனதும் வெந்நீரில் போடுவேன், மதியத் தூக்கத்துக்கு முன்னால் காய்ந்து, மடித்து, கைக்கு வந்துவிடும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, வாசனை. தாய் அதைத் துவைக்காமல் அழுக்கேற விட்டுவைப்பதன் காரணத்தை வின்னிகாட் சரியாகப் பிடித்திருந்தார். துவைத்தால் பிள்ளையின் அனுபவத்தில் ஒரு தொடர்ச்சி அறுந்துபோகும், அந்தப் பொருளுக்கே மதிப்பில்லாமல் போகலாம் என்பது அவர் கருத்து. எனக்கு இது புரிய ஒரு பார்சல் வர வேண்டியிருந்தது. ஒரு பயணத்தில், தங்கிய இடத்திலேயே யானையை விட்டுவிட்டு வந்துவிட்டோம். நாலாம் நாள் அனுப்பி வைத்தார்கள். பாவம், நல்லெண்ணத்தில் துவைத்தே அனுப்பியிருந்தார்கள். மகள் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது ஆனை இல்லம்மா, ஆனை மாதிரி" என்று கீழே வைத்துவிட்டாள். ஒரு வாரம் தொடவில்லை.

அதற்கு முன்பே ஒரு தடவை, அதே நிறம், அதே அளவில் இன்னொரு யானையை வாங்கித் தயாராக வைத்திருந்தேன். எடுபடவே இல்லை. 2008-ல் புரூஸ் ஹுட், பால் புளூம் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு பெட்டியைக் காட்டி, இது பொருளை அப்படியே நகல் எடுக்கும் மெஷின் என்று நம்ப வைத்தார்கள். சாதாரண விளையாட்டுச் சாமான் என்றால் நகலைத் தாராளமாக எடுத்துக்கொண்டார்கள். கூடவே வைத்துத் தூங்கும் பொருள் என்றால் பெரும்பாலும் அசல்தான் வேண்டும் என்றார்கள், சிலர் அதைப் பெட்டிக்குள் வைக்கவே விடவில்லை. என் மாற்று யானைக்கு அலமாரியில்தான் இடம் என்பது அதிலேயே எழுதியிருக்கிறது.

ஆக, நகல் செல்லாது. போர்வையில் நகலே தேவையில்லை என்பதுதான் என் வாதம். அதைப் பாதியாக வெட்டலாம், இரண்டு பாதியும் அசல். இளையவனுக்கு ஏழு மாதம் இருக்கும்போது நடுவில் வெட்டி, ஓரங்களை மடித்துத் தைத்தோம். ஒன்று அவனிடம், ஒன்று துவைக்க. வாரம் ஒருமுறை மாற்றி மாற்றிக் கொடுத்ததால் இரண்டும் ஒரே மாதிரி வெளுத்தன, ஒரே மாதிரி நைந்தன. சோப்பு வாசனையும் அவனுக்கு அதன் பகுதியாகவே ஆகிவிட்டது. ஒரு பாதியை எங்கேயாவது விட்டுவிட்டு வந்தாலும் வீட்டில் இன்னொன்று இருக்கிறது என்ற தெம்பு இருக்கிறதே, அது யானை வளர்த்தவர்களுக்குத்தான் புரியும்.

பிள்ளை வளர வளர இதைச் சிறிதாக்கவும் முடியும். பள்ளி சேர்ந்தபோது ஒரு பாதியிலிருந்து கைக்குட்டை அளவு துண்டு எடுத்துக் கால்சட்டைப் பையில் வைத்தோம், யார் கண்ணுக்கும் தெரியாது. யானையை இப்படிக் குறைக்க முடியாது. தும்பிக்கையை மட்டும் வெட்டிக் கொடுக்கலாமா என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். மகள் பக்கத்தில் இல்லை, நல்ல வேளை.

போர்வையிலும் கோளாறு இருக்கிறது. தரையில் இழுபடும், அதனால் பொம்மையைவிட வேகமாக அழுக்காகும். மாடிப்படியில் காலில் சிக்கும், எங்கள் வீட்டில் ஒருமுறை உருண்டே விட்டான். நைந்த ஓரத்தில் தொங்கும் நூல் விரலில் இறுகிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்றுபோகும், சின்னப் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்த்து வெட்டிவிட வேண்டும். பொம்மையில் இதற்கு ஈடான பயம் பித்தான் கண்தான். 3 வயதுக்குள் என்றால் நூலால் தைத்த கண் உள்ளதையே வாங்குங்கள்.

இதெல்லாம் இரண்டே பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வது. ஒருத்தி சப்புகிறவள், ஒருத்தன் தேய்க்கிறவன். யானை இவன் கையில் இருந்திருந்தால் இத்தனை தடவை துவைக்க வேண்டியே வந்திருக்காதோ என்னவோ. வெட்டும் வித்தையும் பிடிப்பு இறுகும் முன்பே செய்தது. இரண்டு வயதுப் பிள்ளை ஏற்கெனவே ஒரு போர்வையைக் கட்டிக்கொண்டு திரிகிற வீட்டில் கத்தரிக்கோலை எடுக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

மகளுக்கு இப்போது 11 வயது. மூன்று முறை ஒட்டுப்போட்ட தும்பிக்கையோடு யானை அலமாரி மேல் இருக்கிறது. அவள் அதைத் தேடுவதும் இல்லை, நம்மை எடுத்துப்போட விடுவதும் இல்லை. போன வாரம் மகனின் கைக்குட்டைத் துண்டு கால்சட்டைப் பைக்குள்ளேயே கிடந்து மற்ற துணிகளோடு துவைத்து வந்துவிட்டது. எனக்குப் பழைய பார்சல் ஞாபகம் வந்து நெஞ்சு திக்கென்றது. அவன் அதைச் சட்டென்று முகர்ந்து பார்த்தான், "சரி" என்று மறுபடி பைக்குள் திணித்துக்கொண்டு ஓடிவிட்டான்.