ஃப்ரீபிஎஸ்டி கரன்ட்: சோர்ஸிலிருந்து பில்ட் செய்து மூன்று வருடம் ஓட்டியவனின் ரிவ்யூ

மூன்று வருடமாக என் லேப்டாப்பில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தின் கரன்ட் பதிப்பு. கரன்ட் என்றால் அதன் சோர்ஸை (மூல நிரலை) வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தின் மெயின் கிளை, வளர்ச்சி நடக்கும் இடம். ஒரு டெவலப்பர் காலையில் போட்ட கமிட்டை (பதிந்த மாற்றத்தை) மாலையிலேயே இழுத்து நம் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம். நவம்பர் 2023-இல் வந்த 14.0, டிசம்பர் 2025-இல் வந்த 15.0 எல்லாம் இதிலிருந்து கிளை பிரிந்து வந்தவைதான். 15 பிரிந்ததும் மெயின் 16-கரன்ட் ஆகிவிட்டது.

சனிக்கிழமை இரவு சோர்ஸை இழுப்பேன், பில்டை (சோர்ஸை ஓடும் நிரலாக மாற்றும் வேலையை) ஓட்டிவிட்டுச் சாப்பிடப் போவேன், இதுதான் வழக்கம். பில்ட் நின்றுபோன ஒவ்வொரு முறையும் ஏன் நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் அதை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சோர்ஸே உடைந்திருந்ததால் நின்ற இரவுகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம், மீதி அத்தனையும் என் ராம், என் கடிகாரம், என் கான்ஃபிக், என் அவசரம். "கரன்ட் பக்கம் போகாதே, எப்போதும் உடைந்தே கிடக்கும்" என்று சொல்லக் கேட்டு ஒதுங்கியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கர்னல் (சிஸ்டத்தின் மையக்கரு), சி லைப்ரரி, ஷெல், கம்பைலர், மேன் பக்கங்கள் (கட்டளை விளக்கங்கள்) வரை எல்லாமே ஒரே சோர்ஸ் மரத்தில் இருக்கின்றன. அதனால் "மேக் பில்டுவேர்ல்டு", "மேக் பில்டுகர்னல்" என்ற இரண்டே கட்டளையில் அடிப்படை சிஸ்டம் முழுக்க நம் வீட்டிலேயே உருவாகிவிடும். எங்கோ ஏதோ உடைந்தால் அந்த வரி நம் வட்டிலேயே இருக்கிறது, திறந்து படிக்கலாம், அது எந்தக் கமிட்டில் வந்தது என்று பார்க்கலாம். இந்தச் சௌகரியத்துக்குப் பழகியபின் எனக்கு வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை.

சரி, பில்ட் நிற்கும் கதைக்கு வருகிறேன். புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்றுதான்: திரையின் கடைசி வரியைப் படிப்பது. கடைசி வரியில் "எரர் கோடு 1, ஸ்டாப்" என்றுதான் இருக்கும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எட்டு வேலைகள் ஒன்றாக ஓடும்போது ஒன்று விழுந்தாலும் மற்ற ஏழும் தாங்கள் தொட்டதை முடித்துவிட்டுத்தான் நிற்கும், ஆகவே உண்மையான பிழை இருநூறு வரி மேலே எங்கோ புதைந்து கிடக்கும். பில்டை எப்போதும் "ஸ்கிரிப்ட்" கட்டளைக்குள் ஓட்டி லாக் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு கீழிருந்து தேடாமல் மேலிருந்து முதல் "எரர்" எங்கே வருகிறது என்று தேடுங்கள். அப்படியும் புரியவில்லை என்றால் -ஜே (ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்று சொல்வது) கொடுக்காமல் மறுபடி ஓட்டினால் பிழை வந்த இடத்திலேயே நிற்கும்.

அதைவிட அருமையான வழி மெட்டா மோட், ஒவ்வொரு கோப்பும் எப்படிக் கட்டப்பட்டது என்று மேக் குறித்து வைக்கும் முறை. அதை இயக்கிவிட்டால் திரை அமைதியாகிவிடும், ஒவ்வொரு கோப்புக்கும் "பில்டிங்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். ஆனால் ஒரு கோப்பு விழுந்தால், விழுந்த இலக்கின் பெயரையும் அதற்கான மெட்டா கோப்பின் பாதையையும் தனியே எடுத்துக் காட்டும். அந்த மெட்டா கோப்பைத் திறந்தால் எந்தக் கட்டளை ஓடியது, எந்த அடைவில் ஓடியது, அது என்ன சொல்லிவிட்டு விழுந்தது என்று வரிசையாக இருக்கும், அதற்குக் கீழே அந்தக் கட்டளை எந்தெந்தக் கோப்புகளைத் திறந்து படித்தது என்ற பட்டியலும் இருக்கும். ஒரு முறை எனக்கு ஒரு ஹெட்டர் (சி நிரல்கள் சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்பு) முரண்பாடு வந்தது, ஒரு மணி நேரம் குழம்பிவிட்டு அந்தப் பட்டியலைப் பார்த்தேன்: சோர்ஸ் மரத்தில் இருக்கும் ஹெட்டரை எடுக்க வேண்டிய இடத்தில் லோக்கல் அடைவில் பேக்கேஜ் போட்டிருந்த ஹெட்டரை எடுத்திருக்கிறது. காரணம், மேக்.கான்ஃப் கோப்பில் எந்தக் காலத்திலோ நானே எழுதிவைத்த ஒரு சிஃபிளாக்ஸ் (கம்பைலருக்கான விருப்பங்கள்) வரி. வரியை அழித்தேன், பில்ட் ஓடிவிட்டது.

மெட்டா மோடின் இன்னொரு பலன் நேரம், மாறியதை மட்டுமே மறுபடி கட்டும். என் பழைய லேப்டாப்பில், நாலு கோர், 8 ஜிபி ராம், முதல் பில்டுவேர்ல்டு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போனது, அதில் பெரும்பங்கு கம்பைலரான கிளாங்கையும் அதன் அடித்தளமான எல்எல்விஎம்மையும் கம்பைல் செய்வதிலேயே கரைந்தது. மெட்டா மோட் வந்தபின் சாதாரண வாரத்தில் இருபது நிமிடம்தான். ஆனால் சோர்ஸில் புதிய எல்எல்விஎம் பதிப்பு ஏறும் வாரத்தில் மட்டும் பொறுமையாக இருக்க வேண்டும், ஏனென்றால் முதலில் புது கம்பைலரைக் கட்டி, பிறகு அதை வைத்து மறுபடி கம்பைலரைக் கட்டும். இன்னொன்று, இந்த மெட்டா மோட் வரியை எஸ்ஆர்சி-என்வ்.கான்ஃப் கோப்பில் போட வேண்டும், எஸ்ஆர்சி.கான்ஃப் கோப்பில் போட்டால் வேலை செய்யாது. நான் தப்பான கோப்பில் போட்டுவிட்டு இரண்டு மாதம் முழு பில்டே ஓட்டிக்கொண்டிருந்தேன். கோப்புகள் திறக்கப்படுவதைக் கவனிக்கும் ஃபைல்மான் கர்னல் மாட்யூலையும் ஏற்றி வைக்க மறக்காதீர்கள்.

பில்ட் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். திரையில் வரும் கட்ட எண் 1.2 என்றால் பூட்ஸ்ட்ராப் கருவிகள் (பில்டுக்கே முதலில் தேவைப்படுபவை), அங்கே விழுந்தால் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம் ரொம்பப் பழையதா என்று பாருங்கள். 3 என்றால் கம்பைலர். 4.2 லைப்ரரிகள், அதற்குப் பின் மீதி எல்லாம். அந்தக் கடைசிக் கட்டத்தில் ஏதோ ஒரு சின்னக் கருவி மட்டும் விழுகிறது என்றால் சோர்ஸிலேயே கோளாறு இருக்க வாய்ப்பு உண்டு. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இழுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதற்குள் சரிசெய்திருப்பார்கள். 4.2-இல் கம்பைலரே "சிக்னல் 11" (நினைவகத்தைத் தப்பாகத் தொட்டதால் வரும் முறிவு) என்று செத்தால் அது வேறு கதை.

அந்தக் கதை இது. ஒரு சனிக்கிழமை சிக்னல் 11 வந்தது. மறுபடி ஓட்டினேன், வந்தது, ஆனால் வேறு கோப்பில். மூன்றாவது முறை இன்னொரு கோப்பில். சோர்ஸில் பிழை இருந்தால் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே இடத்தில்தான் விழும். இடம் மாறி மாறி விழுந்தால் வன்பொருளைத்தான் சந்தேகிக்க வேண்டும், ஃப்ரீபிஎஸ்டியின் கேள்வி பதில் பக்கமும் இதையேதான் சொல்கிறது. அந்த வாரம்தான் பழைய ராம் ஸ்டிக் ஒன்று வாங்கிப் போட்டிருந்தேன். மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓடவிட்டேன், காலையில் திரை முழுக்கச் சிவப்பு. ஸ்டிக்கைக் கழற்றினேன், பில்ட் முடிந்தது. அதுவரை அந்த லேப்டாப் பிரவுசரும் வீடியோவும் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தது என்பதுதான் ஆச்சரியம். பில்டுவேர்ல்டு மாதிரி ராமையும் பிராசஸரையும் பிழிந்து எடுக்கும் சோதனை வேறு இல்லை.

நினைவகம் பற்றாமல் போவது இதிலிருந்து வேறு. கம்பைலர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும், பில்ட் லாக்கில் "கில்டு" என்று ஒரு சொல் மட்டும் இருக்கும். கர்னல் செய்திகளைக் காட்டும் டிஎம்எஸ்ஜியில் பார்த்தால் சி++ பிராசஸைக் கொன்றதாகவும், நினைவகத்தை மீட்க முடியவில்லை என்றும் ஒரு வரி இருக்கும். 8 ஜிபியில் -ஜே 8 கொடுப்பது பேராசை, -ஜே 4 போதும். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை வைத்திருப்பவர்கள் ராமில் இருக்கும் அதன் கேஷான ஏஆர்சிக்கு ஒரு உச்சவரம்பு போட்டுவிடுங்கள், அது பாட்டுக்கு ராமை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கடிகாரமும் படுத்தும். பட்டன் பேட்டரி தீர்ந்துபோய் என் கணினியின் தேதி இரண்டு வருடம் பின்னால் போயிருந்தது, நான் கவனிக்கவே இல்லை. மேக் கருவி, கோப்புகளின் நேரத்தைப் பார்த்துத்தான் எதை மறுபடி கட்ட வேண்டும் என்று முடிவு செய்கிறது. இப்போது இழுத்த சோர்ஸ் முன்பு கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்பைவிடப் பழையதாகத் தெரிந்தால் அது தொடாமல் தாண்டிப் போய்விடும், பிறகு லிங்க் செய்யும்போது காரணமே புரியாத பிழைகள் வரும். தேதியைச் சரிசெய்து, பில்ட் செய்தவை சேரும் ஓபிஜே அடைவை முழுக்க அழித்துவிட்டு ஓட்டினேன். விளங்காத பிழை வந்தால் முதலில் ஓபிஜேவை அழி என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான், ஆனால் அதற்கு முன் "டேட்" என்று ஒரு முறை அடித்துப் பாருங்கள்.

பில்ட் முடிந்தபின் நிறுவும் வரிசை இன்னும் முக்கியம். முதலில் கர்னலை நிறுவி ரீபூட், அப்புறம் ஈடிசிஅப்டேட் -பி (கான்ஃபிக் கோப்புகளைப் புதுப்பிக்கும் கருவி), பிறகு இன்ஸ்டால்வேர்ல்டு (மீதி சிஸ்டத்தை நிறுவுவது), மறுபடி ஈடிசிஅப்டேட், கடைசியில் டெலீட்-ஓல்டு (பழைய கோப்புகளை அழிப்பது). புது கர்னலுக்குப் பழைய நிரல்களை ஓட்டத் தெரியும், பழைய கர்னலுக்குப் புது நிரல்கள் கேட்கும் சிஸ்டம் காலே (கர்னலிடம் வைக்கும் கோரிக்கையே) தெரியாது, அதனால்தான் இந்த வரிசை. 2017 மே மாதம் ஐநோடு எண்ணை (கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள அடையாள எண்ணை) 64 பிட்டாக மாற்றியபோது, அப்டேட்டிங் கோப்பில் 20170523 என்ற தேதியிட்டு, சொன்ன முறையை அப்படியே பின்பற்றுங்கள், சொந்த கர்னல் கான்ஃபிக் வைத்திருந்தால் கம்பாட்_ஃப்ரீபிஎஸ்டி11 (பழைய 11 பதிப்பின் நிரல்களை ஓட்டவிடும் விருப்பம்) இருக்கிறதா பாருங்கள் என்று எழுதியே வைத்தார்கள். அந்த அப்டேட்டிங் கோப்பு சோர்ஸ் மரத்தின் தலைமாட்டிலேயே இருக்கிறது, புதியது மேலே, பழையது கீழே. கடைசியாக நீங்கள் பில்ட் செய்த தேதி வரை படித்துவிட்டுத் தொடங்கினால் பாதித் தலைவலி இல்லை.

நான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொண்டது கடைசிப் படியில். 2023 ஜூனில் ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி) 3 சோர்ஸில் ஏறியது, லைப்ரரி எண் 111-லிருந்து 30 ஆனது. நான் பேக்கேஜ்களை மாற்றும் முன்பே பழைய லைப்ரரிகளை அழிக்கும் டெலீட்-ஓல்டு-லிப்ஸ் ஓட்டிவிட்டேன். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய லிப்கிரிப்டோவை நம்பியிருந்த நிரல் ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. ஆனால் அந்த இரவு எனக்குப் பத்து நிமிடம்தான் ஆனது, ஏனென்றால் பில்டுக்கு முன் பிஇசிடிஎல் கருவியை வைத்து ஒரு பூட் என்விரான்மென்ட் (பூட் செய்யக்கூடிய சிஸ்டத்தின் இசட்எஃப்எஸ் நகல்) உருவாக்கியிருந்தேன், ரீபூட் செய்து லோடர் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்ததும் பழைய சிஸ்டம் அப்படியே வந்து நின்றது. கரன்ட் ஓட்ட ஆசைப்படுபவர்கள் இசட்எஃப்எஸ்ஸில் நிறுவுங்கள். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

கிராஃபிக்ஸ் மாட்யூல் பற்றி ஒரு வார்த்தை. கிராஃபிக்ஸ் டிரைவர்களான டிஆர்எம்-கேமாட் அடிப்படை சிஸ்டத்தில் இல்லை, போர்ட்ஸில் (தனியே நிறுவும் நிரல்களின் தொகுப்பில்) இருக்கிறது. கர்னல் முன்னேறி மாட்யூல் பழையதாகவே இருந்தால் பதிப்புப் பொருந்தவில்லை என்று ஏற மறுக்கும், அல்லது பூட்டிலேயே பேனிக் (கர்னலே நின்றுபோவது). போர்ட்ஸ்_மாட்யூல்ஸ் வரியில் அதன் பெயரைச் சேர்த்துவிட்டால் கர்னல் பில்டோடு சேர்ந்தே அதுவும் கட்டப்படும்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. விளக்கங்கள் சிதறிக் கிடக்கின்றன: கொஞ்சம் ஹேண்ட்புக்கில், கொஞ்சம் அப்டேட்டிங் கோப்பின் அடியில், மீதி பில்ட் என்ற மேன் பக்கத்திலும் எஸ்ஆர்சி.கான்ஃப் மேன் பக்கத்திலும். முதல் முறை செய்பவருக்கு எதை முதலில் படிப்பது என்றே தெரியாது. (என்னைக் கேட்டால் பில்ட் மேன் பக்கம்.) வேகமும் கொஞ்சம் குறைவுதான், ஏனென்றால் கரன்ட்டின் ஜெனரிக் (இயல்பான) கர்னலில் விட்னஸ், இன்வேரியன்ட்ஸ் போன்ற பிழை பிடிக்கும் சோதனைகள் எல்லாம் இயங்கிக்கொண்டே இருக்கும். கன்சோலில் லாக் ஆர்டர் ரிவர்சல் (கர்னலின் பூட்டுகள் வரிசை மாறி எடுக்கப்பட்டன என்ற எச்சரிக்கை) என்று வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பெரும்பாலானவை தெரிந்தவைதான். தினசரி வேலைக்கு இந்தச் சோதனைகள் இல்லாத ஜெனரிக்-நோடீபக் கர்னலைக் கட்டிக்கொள்ளலாம்.

யாருக்கு இது? சம்பளம் வரும் வேலையை ஒரே கணினியில் செய்பவர்களுக்கு ரிலீஸ் பதிப்பே போதும். சி தெரிந்த, சிஸ்டம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்க நிஜமான ஆசை உள்ள மாணவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், ஒரு பழைய லேப்டாப், 8 ஜிபி ராம், நூறு ஜிபி வட்டு இடம், இசட்எஃப்எஸ், இவ்வளவு இருந்தால் இந்தச் சனிக்கிழமையே தொடங்கலாம். முதல் பில்டை இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள், காலையில் நின்றிருந்தால் லாக்கை மேலிருந்து படியுங்கள்.