வேட்டியும் முகமும்: பிலிம் செயலிகளை வைத்துச் செய்த சோதனை

பிலிம் படம் போல எடுத்துத் தருவதாகச் சொல்லும் கைப்பேசிச் செயலிகளுக்கு நான் வைப்பது ஒரே ஒரு சோதனைதான். வெள்ளை வேட்டியும் கறுத்த முகமும் ஒரே படத்தில் சரியாக விழ வேண்டும்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஸ்டூடியோ இருட்டறையில் வேலை பழகியபோது தவுக்கே (முதலாளி) எனக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே அதுதான். தோட்டத்து (எஸ்டேட்) கல்யாணப் படங்களில் வேட்டி பளீரென்று இருக்கும், மாப்பிள்ளை முகம் இருட்டில் போய்விடும். நெகடிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் என்லார்ஜர் விளக்கு எரிகிற நேரத்தில், கம்பி நுனியில் ஒட்டிய வட்ட அட்டையை முகத்தின் மேல் ஆட்டிக்கொண்டே இருப்போம். அந்த இடத்தில் வெளிச்சம் குறைவதால் தாள் அவ்வளவாகக் கறுக்காது. அட்டையை அசைக்காமல் பிடித்தால் முகத்தைச் சுற்றி வளையம் விழுந்துவிடும். அப்புறம் தாளை, படத்தை எழுப்பும் டெவலப்பர் ரசாயனத் தட்டில் நழுவவிட்டால், சிவப்பு விளக்கில் முதலில் மீசை தெரியும், பிறகுதான் கன்னம் எழும்.

இந்த வருஷம் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதிக்குச் சில செயலிகளோடு போனேன்.

ஹூஜி 1998-ம் வருஷத்து டிஸ்போசபிள் (ஒரு ரோலோடு தூக்கிப்போடும்) கேமராவைப் போலச் செய்தது. மூலையில் தேதி விழும், ஓரத்தில் சிவப்பாக ஒளி கசியும். எங்கே கசியும் என்பது நம் கையில் இல்லை. அக்கா மகளுக்கு இது உயிர். விளையாட்டுப் படங்களுக்குத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

குடாக் 2017-ல் கொரியாவிலிருந்து வந்தது. ஒரு ரோலுக்கு 24 படம்தான். முடிந்தால் அடுத்த ரோலுக்கு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும், எடுத்த படத்தைப் பார்க்க மூன்று நாள். பார்க்கும் துளையும் சின்னது. எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி, "எப்பய்யா கழுவி வரும்?" என்று கேட்டார். "புதன்கிழமை பாட்டி" என்றேன். பழைய நாள்களில் கவுண்டரில் சொன்ன அதே பதில். கைப்பேசியில் தேதியை மாற்றி வைத்தால் உடனே பார்க்கலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தீக்குழியைப் படமாக்க டெஹான்சர்தான். பிலிமில் பலமான வெளிச்சம் விழும்போது அது பூச்சைத் தாண்டி அடியிலுள்ள பிளாஸ்டிக் தளம் வரை போய்த் திரும்பும். சிவப்பை வாங்கும் அடுக்கு கடைசியில் இருப்பதால், திரும்பிய ஒளி அங்கே பட்டு விளக்கைச் சுற்றிச் செம்மஞ்சளாகப் படரும். இதற்கு ஹேலேஷன் என்று பெயர். டெஹான்சரில் இதை வேண்டிய அளவுக்குக் கூட்டலாம், குறைக்கலாம். தணலுக்கு மேல் தூக்கிய பாதத்தின் ஓரத்தில் அந்தச் செம்மை அளவோடு நின்றது. பிலிம் படத்தில் தெரியும் சொரசொரப்பான துகள்களும் (கிரெயின்) கன்னத்தின் மேல் ஒட்டவைத்தது போல இல்லாமல் படத்துக்குள்ளேயே இருந்தன. முழுவதையும் பயன்படுத்தக் காசு கட்ட வேண்டும். கல்யாண வேலை எடுப்பவர்களுக்குத் தகும், மற்றவர்களுக்கு அவசியமில்லை.

இலவசச் செயலி ஒன்றும் போட்டிருந்தேன். தீமிதித்த பெண்களின் மஞ்சள் பூசிய முகங்களைச் சாம்பலாக வெளுத்து, அதற்கு பழைய பிலிம் நிறம் என்று பெயர் வைத்தது. கோபம் வந்துவிட்டது. நாங்கள் இருட்டறையில் முகத்தை வெளிச்சமாக்கித் தூக்கியது வெளுக்க வைப்பதற்கு அல்ல, இருக்கிற நிறம் தெரிய வேண்டும் என்பதற்கு. அன்றே அழித்துவிட்டேன்.

என் சோதனையில் எந்த பிலிம் நிறமும் தனியாகத் தேறவில்லை, ஏனென்றால் எல்லாமே படம் முழுவதையும் ஒரே மாதிரிதான் மாற்றுகின்றன. நெகடிவ் அதிக வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். கைப்பேசி தாங்காது. வேட்டி ஒரேயடியாக வெளுத்த பிறகு அதன் மடிப்பை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது. அதனால் எடுக்கும்போதே வெளிச்சத்தைக் குறைத்து, மடிப்பு தெரிகிற மாதிரி எடுங்கள். முகம் இருட்டாகத்தான் இருக்கும், பரவாயில்லை. பிறகு ஸ்னாப்சீட் என்கிற படம் திருத்தும் செயலியில் பிரஷ் பகுதிக்குப் போய், டாட்ஜ் அண்ட் பர்ன் (இடம் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) எடுத்து, குறைந்த அளவில் நெற்றியிலிருந்து கன்னம் வரை விரலால் தடவுங்கள். இது இலவசம், அந்த வட்ட அட்டையின் வேலையை அப்படியே செய்கிறது. பிலிம் நிறமும் துகளும் அதற்குப் பிறகுதான். முதலில் துகள் போட்டுவிட்டு முகத்தைத் தூக்கினால், துகளும் சேர்ந்து வெளுத்து முகம் மட்டும் தனியாகத் தெரியும்.