நிலத்தில் முழு மதிப்பெண், தண்ணீரில் பாதி: ஒரு படகு யார்டில் இரண்டு வருடம்

28 அடிப் பாய்மரப் படகு ஒன்று வைத்திருக்கிறேன். வாங்கும்போது பாய் எப்படி, இன்ஜின் எப்படி என்று ஆயிரம் கேள்வி கேட்டேன், தண்ணீர் உறைகிற மாதங்களில் அதை எங்கே தூக்கி வைப்பது, வெயில் வந்ததும் எங்கே கட்டுவது என்று மட்டும் யோசிக்கவே இல்லை. மாட்டை வாங்கிவிட்டுத் தொழுவம் தேடின கதைதான். இந்த யார்டுக்கு வந்து இரண்டு குளிர்காலமும் இரண்டு கோடையும் ஆகிவிட்டதால் இனி தைரியமாக எழுதலாம்.

இதற்கு முன் ஒரு குளிர்காலம் வேறொரு யார்டில் இருந்தேன். சீக்கிரம் போனால் நல்ல இடம் கிடைக்கும் என்று எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய் விட்டேன். கிடைத்தது, கடைசிச் சுவரை ஒட்டி. எனக்கு முன்னால் வரிசை வரிசையாகப் படகுகளை நிறுத்திவிட்டார்கள், வசந்தம் வந்து நான் அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடித்துத் தயாராக நின்றபோது முன்வரிசைக்காரர்களில் பாதிப் பேர் எட்டியே பார்க்கவில்லை. அவர்கள் நகராமல் என் படகு நகராது. மூரிங்குக்கான, அதாவது தண்ணீரில் படகைக் கட்டிவைக்கும் மிதவைக்கான, பணத்தையும் கட்டிவிட்டு, கோடையின் முதல் பாதியைத் தரையில் நின்ற படகுக்குள் உட்கார்ந்து கழித்தேன். அதனால் யாராவது யார்டு பார்க்கப் போனால் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: என்னை என்றைக்கு இறக்குவீர்கள், எந்த வரிசையில் வைப்பீர்கள்?

இந்த யார்டில் அந்தக் கேள்வியை அவர்களே கேட்டார்கள். சீக்கிரம் இறங்குபவர்கள் முன்னால், தாமதமாக இறங்குபவர்கள் பின்னால். இவ்வளவு சாதாரண விஷயத்துக்கு நான் ஏன் இப்படி நெகிழ்ந்துபோகிறேன் என்றால், பட்டவனுக்குத்தான் தெரியும்.

தூக்கும் வேலையும் சுத்தம். படகைத் தொங்கவிட்டுத் தூக்கிச் செல்லும் சக்கர வண்டியான டிராவல் லிஃப்டின் பட்டைகள் எங்கே வரவேண்டும் என்று படகின் அடிப்பாகப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், புரொப்பெல்லர் தண்டிலோ சுக்கானிலோ பட்டை ஏறிவிட்டால் பிறகு அழுது பயனில்லை. வெளியே எடுத்த உடனே, ஈரம் காயும் முன்பே, அழுத்தத் தண்ணீரால் பாசியையும் சிப்பியையும் கழுவிவிட்டார்கள். காயவிட்டால் உளிதான் எடுக்கவேண்டும். அப்புறம் நிறுத்தும் முறை. படகின் முழு எடையும் அடியில் நீண்டு நிற்கும் கனத்த பாகமான கீலின் மேல், கீல் மரக்கட்டைகளின் மேல். பக்கவாட்டு ஸ்டாண்டுகள் சாயாமல் பிடித்துக்கொள்ளத்தான். எதிரெதிர் ஸ்டாண்டுகளைச் சங்கிலியால் பிணைத்து, ஒவ்வொன்றின் காலடியிலும் பலகை போட்டிருந்தார்கள். பனி உருகித் தரை இளகும் நாட்களில் ஓர் ஆள் வரிசையாகப் போய் ஸ்டாண்டுகளைத் தட்டிப் பார்த்து முறுக்கிக்கொண்டு வந்ததை நானே பார்த்தேன். தார்ப்பாய்க் கயிற்றை ஸ்டாண்டில் கட்டக்கூடாது என்று பெரிதாக எழுதியும் வைத்திருக்கிறார்கள். காற்றில் தார்ப்பாய் அடித்துக்கொள்ளும்போது ஸ்டாண்டையே பிடுங்கிவிடும். பழைய யார்டில் நான் அங்கேதான் கட்டியிருந்தேன், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்ஜினைக் குளிருக்குத் தயார் செய்வதை அவர்களிடமும் விடலாம், நாமும் செய்யலாம். கைக்காசை மிச்சப்படுத்த முதல் வருடம் நானே செய்தேன். எண்ணெய் மாற்றினேன், டீசல் டாங்கை நிரப்பினேன், குளிர்விக்கும் குழாய்களில் உறையாமல் காக்கும் ஆண்டிஃபிரீஸ் ஓடவிட்டேன், பேட்டரியை முழுதாக சார்ஜ் ஏற்றினேன், எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான். ஆனால் அடிப்பாகத்துத் துளைகளைத் திறந்து மூடும் பந்து வால்வுகளில் ஒன்றை மூடியபடி விட்டுவிட்டேன். மூடியிருந்தால் உள்ளே உருண்டையின் துளையில் கொஞ்சம் தண்ணீர் சிக்கிக்கொள்ளும், உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும், வால்வு உடம்பில் மயிரிழை விரிசல். தரையில் இருக்கும்வரை எதுவும் தெரியாது.

தெரிந்தது இறக்குகிற நாளில். படகைத் தண்ணீரில் வைத்ததும் பட்டைகளை அவிழ்க்காமல் லிஃப்ட்காரர் காத்திருந்தார். உள்ளே இறங்கி ஒவ்வொரு வால்வாக டார்ச் அடித்துப் பாருங்கள், அவசரம் இல்லை என்றார். பின்னால் நாலு படகு வரிசையில் நிற்கிறது, எனக்குத்தான் கூச்சம். மூன்றாவது வால்வில் சொட்டுச் சொட்டாக நீர். அப்படியே திரும்பத் தூக்கி, இரண்டு நாளில் வால்வை மாற்றி மறுபடி இறக்கினார்கள். அன்று பட்டையை அவிழ்த்துவிட்டுப் போயிருந்தால் விரிசல் பெரிதாகி இரவோடு இரவாகப் படகு தண்ணீருக்குள் உட்கார்ந்திருக்கலாம். நிலத்து வேலைக்கு முழு மதிப்பெண் போட இந்த ஒரு சம்பவமே எனக்குப் போதும்.

சின்னக் குறைகள் உண்டு. பாய்மரத்தைக் கழற்றி அடுக்கில் வைக்கிறார்கள், உச்சியில் உள்ள விளக்கையும் கம்பிகளின் முனைகளையும் சாவகாசமாகப் பார்க்க முடிகிறது என்பதால் எனக்கு அது பிடிக்கும். ஆனால் கழற்றும் சிறு உதிரிகளை ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள், போன வருடம் ஒரு பின் காணாமல் போய்விட்டது. நீங்களே கழற்றி, பெயர் எழுதி வையுங்கள். மேலே போர்த்துவதற்கு நம் தார்ப்பாயையே அனுமதிக்கிறார்கள், காற்று போக வழி இருந்தால் சரி.

இப்போது தண்ணீர்ப் பக்கம். அதே யார்டுக்குச் சொந்தமான மூரிங் என்பதால் ஒரே பில், ஒரே தொலைபேசி எண் என்று மகிழ்ந்துதான் எடுத்தேன். தரையில் இருக்கும் அக்கறை தண்ணீருக்குள் போகவில்லை. அடியில் 1 டன் கான்கிரீட் கட்டை இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள். கடலுக்குள் போனால் அது ஏறக்குறைய 570 கிலோதான், மிச்சத்தை மிதப்பு விசை தூக்கிக்கொள்ளும். வார்ப்பிரும்பாக இருந்தால் 860 கிலோ வரை நிற்கும். கட்டை சேற்றில் நன்றாகப் புதைந்திருந்தால் பரவாயில்லை. என் கவலை கட்டையையும் மிதவையையும் இணைக்கும் சங்கிலி. கீழே தடித்த சங்கிலி, மேலே மெல்லியது, இரண்டும் சேர்ந்து அலைக்கு அலை தரையிலிருந்து எழுந்து விழும் இடத்தில்தான் கண்ணிகள் அதிகம் தேயும். வசந்தத்தில் டைவர் இறங்கிப் பார்த்துவிட்டார் என்றார்கள். அறிக்கை கேட்டேன். மூன்று வாரம் கழித்து வந்த தாளில் ‘நன்று’ என்று ஒரு சொல்.

இரண்டாம் வருடம் நானே ஒரு டைவரை அழைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். ஒரு கண்ணி பாதியாகத் தேய்ந்திருந்தது, சங்கிலியை இணைக்கும் ஷேக்கிள் வளையத்தின் ஆணி கழன்றுவிடாமல் கட்டும் கம்பியையே காணோம். படத்தைக் காட்டியதும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் அன்றே மாற்றிக் கொடுத்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதைக் கண்டுபிடிக்கும் வேலை என்னுடையது இல்லையே.

ஆழமும் அப்படித்தான். என் படகுக்குத் தண்ணீருக்கடியில் 5 அடி, மூரிங்கில் 8 அடி இருக்கிறது என்றார்கள், எந்த நேரத்து 8 அடி என்று நான் கேட்கவில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்றத்தில் கீல் சேற்றைத் தொட்டு நின்றது. அப்புறம் பக்கத்து மூரிங்கில் ஒரு மோட்டார் படகு. அது காற்றுக்குத் திரும்பும், ஆழமான கீல் உள்ள என்னுடையது நீரோட்டத்துக்குத் திரும்பும், காற்றும் ஓட்டமும் எதிரெதிராக வரும் நாளில் இரண்டும் ஒன்றையொன்று முத்தமிடப் பார்க்கும். சொன்ன பிறகு அதை வேறிடத்துக்கு மாற்றினார்கள். கரைக்கு அழைத்துப்போகும் லாஞ்ச் மாலையோடு நின்றுவிடுகிறது, காற்று செத்துத் தாமதமாக வந்தால் படகிலேயே தூங்கவேண்டியதுதான். இரண்டு முறை தூங்கினேன், அதில் எனக்கு ஒன்றும் புகார் இல்லை.

வரும் குளிர்காலத்துக்கும் இங்கேதான் வைக்கப்போகிறேன், இறக்கும் தேதியையும் கொடுத்தாகிவிட்டது. மூரிங்குக்கு மட்டும் வேறொரு துறையில் காத்திருப்போர் பட்டியலில் பெயர் எழுதிவைத்தேன், எனக்கு முன்னால் நீளமான வரிசை. அது நகரும்வரை இதே மிதவைதான். டைவரிடம் நாள் சொல்லிவைத்துவிட்டேன்.