ஒரே பித்தளை, வேறு வேறு பலம்: ரிவால்வர் தோட்டாக் கூடுகள்

“மாமா, .38 ஸ்பெஷல் கூட்டைவிட .357 மேக்னம் கூடு கெட்டியா?” என்று டெக்ஸாஸிலிருந்து தங்கை மகன் கேட்டான். சுட்ட தோட்டாவின் கூட்டில் புது பிரைமர் (அடிபட்டதும் தீப்பொறி விட்டு மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) பொருத்தி, வெடிமருந்து நிரப்பி, குண்டு வைத்து மறுபடி சுடுவது அங்கே அவனுக்குச் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆனால் அம்பத்தூரில் பல வருடம் பித்தளைத் தகட்டை பிரஸ்ஸில் இழுத்தவன் நான். பித்தளை பற்றி என்னால் பதில் சொல்ல முடியும்.

இரண்டுமே 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். கலவையில் பலம் கூடுவதில்லை. இழுக்க இழுக்கப் பித்தளை இறுகும், காய்ச்சினால் இளகும். அதனால் கூட்டின் அடி இறுக்கமாகவும் வாய் இளக்கமாகவும் இருக்கும்படி செய்வார்கள். அடி இளகினால் பிரைமர் குழி விரிந்துவிடும். வாய் இறுகினால், குண்டை வைக்க விரித்து மடிக்கும்போது கீறல் விடும்.

சுடும்போது உள்ளே எழும் வாயு அழுத்தத்துக்கு ஒரு வரம்பு உண்டு. .38 ஸ்பெஷலின் வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357-க்கு 35,000. இரண்டு மடங்குக்கும் மேல். அப்படியானால் மேக்னம் கூடு இரண்டு மடங்கு தடிமனா? இல்லை. அவன் ஒரே கம்பெனியின் இரண்டு கூடுகளை நெடுக்காக அறுத்துப் படம் அனுப்பினான். அடித் தடிமனில் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. 1930-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .38/44 என்ற கனமான ரிவால்வரைக் கொண்டுவந்தபோது, அதற்கான வீரியத் தோட்டா சாதாரண .38 கூட்டில்தான் வந்தது. கூடு தாங்கியது. அதே தோட்டா சின்ன ரிவால்வருக்குள்ளும் நுழையும் என்பதுதான் ஆபத்து. 1935-இல் .357 வந்தபோது கூட்டைச் சுமார் மூன்று மில்லிமீட்டர் நீட்டியது அதைத் தடுக்கத்தான். ஆக, அந்த 17,000 பழைய, சின்ன துப்பாக்கிகளுக்காக வைத்த எல்லை. ரிவால்வரில் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர்தான் கூட்டின் சுவரைச் சுற்றிப் பிடிக்கிறது. கூடு ஒரு வாஷர் மாதிரி வாயுவை அடைக்கிறது.

உண்மையான வித்தியாசம் .45 கோல்ட்டில்தான் இருக்கிறது. 1873-இன் கருமருந்துக் காலத்துத் தோட்டா இது. அந்தப் பழைய வகைக் கூட்டை அறுத்துப் பார்த்தால் பிரைமர் குழி உள்ளே கவிழ்த்த கிண்ணம்போலத் துருத்தி நிற்கும், அதைச் சுற்றி அகழிபோலப் பள்ளம். விளிம்புக்குப் பக்கத்தில், பலம் அதிகம் வேண்டிய இடத்தில், மெல்லிய தகடு மட்டுமே. இன்றைய கூட்டில் அந்தப் பள்ளம் கிடையாது, அடி முழுக்கக் கெட்டி. ஆனால் கெட்டியானதால் உள்ளே இடமும் குறைந்தது. பழைய கூட்டுக்கு எழுதிய மருந்தளவைப் புதுக் கூட்டில் அப்படியே போட்டால் அழுத்தம் ஏறும்! பலமான கூடு என்று நம்பி ஏமாறுகிற இடம் இது. இதன் வாரிசான .454 காஸல் 65,000 வரை போகிறது, .45 கோல்ட்டின் வரம்போ 14,000. காஸலின் அடி தடிமன் வேறு, பிரைமரும் சின்ன ரைஃபிள் பிரைமர். இங்கே கூடே பலமானது என்று தாராளமாகச் சொல்லலாம்.

நிக்கல் முலாம் பூசியது பலம் கூடியதல்ல. களிம்பு ஏறாது, சிலிண்டரின் அறையிலிருந்து வழுக்கி வெளிவரும். ஆனால் மறுபடி மறுபடி நிரப்பினால் வாய் சீக்கிரம் கீறும். திருவான்மியூர் உப்புக் காற்றில் குத்துவிளக்கோடு மல்லுக்கட்டும் எனக்கே முலாம்மேல் ஆசை வரும், இருந்தாலும் வெறும் பித்தளையைத்தான் வாங்கச் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். பிரிட்டிஷ் இந்தியாவில் குதிரை லாயங்களுக்கருகே வைத்த தோட்டாக்களின் கூடுகள் மழைக்காலத்தில் தானாகக் கீறல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரம், இழுத்தபோது உலோகத்தில் தங்கிய இறுக்கம், மூன்றும் சேர்ந்த வினை அது. அதனால் அம்மோனியா கலந்த பாலிஷைக் கூட்டின்மேல் தடவவே கூடாது. அவன் இரண்டு வருடமாக அதைத்தான் தடவிக்கொண்டிருந்தானாம். அப்படித் தடவிய கூடுகள் முழுவதையும் பழைய பித்தளைக்குப் போடச் சொல்லிவிட்டேன்.