மதிப்பெண் பட்டியலா, கேள்விவாரிக் கணக்கா?

மலேசியாவில் தொடக்கப்பள்ளி முடிவில் எழுதிய யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 2021இல் ரத்தான பிறகு, எந்தப் பிள்ளைக்கு எதில் உதவி வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்வது என்பதுதான் எங்கள் ஆசிரியர் அறைப் பேச்சு. பினாங்கு மாநிலத்துப் பிறையில் நான்காம் ஆண்டு வகுப்புக்குக் கணிதம் எடுக்கும் நான் இரண்டு வழியையும் செய்து பார்த்துவிட்டேன். நான் கேள்விவாரிக் கணக்கின் பக்கம்; அதாவது, எந்தக் கேள்வியில் எந்தப் பிள்ளை என்ன தவறு செய்தது என்று குறித்துவைப்பது.

மதிப்பெண் பட்டியல் சுலபம், பெற்றோருக்கும் புரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் அடைவுநிலை 1 முதல் 6 வரை போடுகிறோம், 6தான் உச்சம். என் 24 பேரில் 13 பேர் மூன்றில் நின்றார்கள். சரி, கூடுதல் வகுப்பில் அவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? பட்டியல் வாய் திறக்காது. உவாசா என்ற பள்ளித் தேர்வு ஆண்டிறுதியில்தான், அதன் முடிவு வரும்போது பிள்ளை அடுத்த ஆண்டுக்குக் கிளம்பிவிடும்.

ஒரு மாதச் சோதனையில் 4,005இலிருந்து 1,328ஐக் கழிக்கச் சொன்னேன். விடை 2,677. ஒன்பது பேர் அச்சு மாறாமல் 3,323 என்று எழுதியிருந்தார்கள். பார்த்து எழுதிவிட்டார்களோ என்று நினைத்தேன். ஆனால் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தவர்கள். நடுவில் சுழியம் வந்ததும் கடன் வாங்கத் தெரியாமல், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்கள். அந்த ஒன்பதில் இருவர் எழுபதுக்கு மேல் வாங்கியவர்கள். பட்டியலை நம்பியிருந்தால் அவர்களைக் கூப்பிட்டே இருக்க மாட்டேன்.

ஆனால் இந்தக் கணக்கு நிலைப்பதும் சாவதும் பராமரிப்பில்தான். முதல் தடவை 20 கேள்வி, 24 பிள்ளைகள், 480 கட்டங்கள். வெள்ளி இரவு பதினொன்று வரை எக்செல்லில் தட்டினேன். அடுத்த மாதம் கைவிட்டேன். அப்புறம் ஆறு கேள்விகளை மட்டும் எடுத்து, திருத்தும்போதே பக்கத்தில் ஒரு தாள் வைத்து, தவறான விடையை மட்டும் குறிக்கத் தொடங்கினேன். அரை மணி நேரம் கூடுதலாகிறது, அவ்வளவுதான். சக ஆசிரியை ஒருவர் வண்ண வண்ணமாக ஓர் எக்செல் கோப்பு செய்து வைத்திருந்தார். அவர் மாற்றலாகிப் போனதும் அதைத் தொட ஆளில்லை. என் தாளை யாரும் தொடரலாம்; பேனா போதும்.

நாற்பது பேர் வகுப்பில் இது தாங்குமா என்பதற்கு என் அனுபவம் போதாது. தமிழ்மொழிக் கட்டுரைக்கு ஒரு தடவை முயன்றேன். ஒற்றுப்பிழையை எண்ண முடிந்தது, கருத்துத் தொய்வை எந்தக் கட்டத்தில் போடுவது என்று புரியவில்லை. அதற்கு இன்னும் பழைய பட்டியல்தான்.