இலவச வக்கீல், நல்ல செய்தி, எட்டாத அறிக்கை: தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையோடு சில வருடங்கள்

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிப் பெண்களுக்காக இயங்கும் ஒரு சிறிய அமைப்பில் கணக்கு, மனு, கடிதம், விண்ணப்பம் எல்லாம் என் தலையில். அந்த வேலையில்தான் லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் பழக்கம் ஏற்பட்டது. சுதந்திர ஊடகம், சட்ட உதவி, பொறுப்பான வணிகம் என்று மூன்று துறைகளில் வேலை செய்வதாக அது சொல்லிக்கொள்கிறது. எங்கள் அலுவலகத்துக்கு இவை எந்த அளவுக்கு உதவின என்று கேட்டால், சட்டத்துக்கு நூற்றுக்கு 80, ஊடகத்துக்கு 60, வணிகத்துக்கு 30 கொடுப்பேன்.

அறக்கட்டளை 1983இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் தொண்டுப் பிரிவாகத் தொடங்கியது. 2010இல் 'ட்ரஸ்ட்லா' வந்தது. தொண்டு நிறுவனங்களையும் சமூகத் தொழில்முனைவோரையும் கட்டணம் வாங்காமல் உழைக்கத் தயாராக இருக்கும் வக்கீல்களோடு சேர்த்துவைக்கும் ஏற்பாடு அது. முதலில் அமைப்பைச் சரிபார்த்து உறுப்பினராகச் சேர்த்துக்கொள்கிறார்கள். பிறகு நமக்கு என்ன தேவை என்று எழுதிக்கொடுக்க வேண்டும். விருப்பமுள்ள சட்ட நிறுவனம் அதை எடுத்துக்கொள்ளும்.

எங்களுக்கு அப்போது தலைபோகிற பிரச்சினை வெளிநாட்டு நன்கொடைச் சட்டம். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி ஸ்டேட் வங்கிப் பிரதான கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும், நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைய வேண்டும், வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவே கூடாது. கிராமம் கிராமமாகப் போகும் களப்பணியாளரின் சம்பளம் நிர்வாகச் செலவா, திட்டச் செலவா? ஆடிட்டர் ஒன்று சொன்னார், நன்கொடையாளர் வேறொன்று சொன்னார். பள்ளி நடத்தினால் ஆசிரியர் சம்பளத்தையும், ஆஸ்பத்திரி நடத்தினால் டாக்டர் சம்பளத்தையும் விதிகள் நிர்வாகச் செலவில் சேர்ப்பதில்லை. நாங்கள் நடத்துவதோ இரண்டுமில்லை. ட்ரஸ்ட்லா வழியாக வந்த வக்கீல்கள் எங்கள் பணிப் பட்டியலை வரிவரியாகப் படித்து, எந்தச் சம்பளத்தை எந்தத் தலைப்பில், என்ன ஆதாரத்தோடு காட்டலாம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். காசு கொடுத்துக் கேட்டிருந்தால் எங்கள் ஒரு மாதச் செலவு அதிலேயே போயிருக்கும்.

இரண்டாவது வேலை அவ்வளவு சுமுகமாக நடக்கவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். எங்களோடு பேசத் தயாராக இருந்த சில சிறு கம்பெனிகளுக்காக ஒரு மாதிரிக் கொள்கை கேட்டோம். இம்முறை வேறொரு சட்ட நிறுவனம் எடுத்துக்கொண்டது. வந்த வரைவு பளபளவென்று இருந்தது. புகாரை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும் என்றது. எங்கள் பெண்கள் ஷிப்டுக்குள் நுழையும்போதே கேட்டில் செல்பேசியை ஒப்படைக்கிறவர்கள். கண்ணாடிக் கட்டிடத்து அலுவலகத்துக்கு எழுதியதைப் பெயர் மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்று எரிச்சலாக வந்தது.

திருப்பிக் கேட்டதும் ஒரு இளம் வக்கீல் அம்மா தொலைபேசியில் வந்தார். ஓவர்லாக் மெஷினில் இருக்கும் ஒரு அக்காவைப் பேச வைத்தோம். "சூப்பர்வைசர் மேலேயே புகார்னா பேப்பரை யாருகிட்ட குடுக்கறது மேடம்? நமக்கு எழுதவும் வராது" என்றார் அக்கா. அந்த ஒரு கேள்வியில் வரைவு தலைகீழாக மாறியது. சட்டத்தின் 9ஆம் பிரிவிலேயே பதில் இருக்கிறது: எழுத முடியாத பெண்ணுக்குப் புகாரை எழுத்தில் கொண்டுவர உதவுவது குழு உறுப்பினரின் கடமை. பின்பக்கத்தில் கிடந்த அந்த விஷயம் முதல் வரிக்கு வந்தது. அடுத்து புகார் தர மூன்று மாத காலக்கெடு, தகுந்த காரணம் இருந்தால் குழு அதை மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம் என்ற தகவல். குழு உறுப்பினர்களின் பெயரும் அவர்கள் எந்த லைனில் இருப்பார்கள் என்பதும் கீழே. அரைப் பக்கத் தமிழ். கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒட்டியிருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ட்ரஸ்ட்லா அமைப்புகளுக்கானது. நிலுவைச் சம்பளம் கேட்டு நிற்கும் ஒரு பெண்ணின் வழக்கை அங்கே கொண்டுபோக முடியாது. அதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் 15100 என்ற சட்ட உதவி எண்ணும்தான். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. இது தெரியாமல் வட்டிக்கு வாங்கி வக்கீல் பீஸ் கட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள்.

ஊடகத்துக்கு வருகிறேன். 2019இல் இந்த அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 100 பேரிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டார்கள். மாதவிடாய் வலிக்கு லீவு தராமல், பெயர் ஒட்டாத மாத்திரையைக் கொடுத்து வேலை வாங்குகிறார்கள் என்ற செய்தி. இங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அச்சில் வந்த பிறகு அதிகாரிகளோடு பேசும்போது கையில் காட்ட ஒன்று இருந்தது. இப்படிப்பட்ட செய்திக்காக இவர்களுக்கு எத்தனை மதிப்பெண்ணும் போடலாம்.

பிறகு ஏன் 60 என்றால், 2018 கருத்துக்கணிப்பு. பெண்களுக்கு உலகிலேயே மிக ஆபத்தான நாடு இந்தியா என்று அறிவித்தார்கள். அடிப்படை என்னவென்றால் சுமார் 550 நிபுணர்களின் அபிப்பிராயம். அரசு அதை மறுத்து ஒதுக்கியது. ஒதுக்குவதற்கு வசதியாக இவர்களே காரணத்தைக் கொடுத்துவிட்டார்கள். 100 பெண்களிடம் நேரில் கேட்டதற்கு இருக்கும் எடை இதற்கு இல்லை. இருந்தாலும், 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தி, பல நாடுகளில் சிறு செய்தி நிறுவனங்கள் திண்டாடிய பின், செய்தியாளர்களுக்குப் பயிற்சியும் சட்டத் துணையும் தரும் இப்படியொரு இடத்தை அலட்சியமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை.

வணிகப் பகுதியில் சொல்ல அதிகமில்லை. ஷேர்ஆக்‌ஷன் என்ற பிரிட்டன் தொண்டு அமைப்பு தொடங்கி, பின்னர் இவர்கள் கைக்கு வந்த ஒரு திட்டம், பெரிய நிறுவனங்களிடம் தொழிலாளர் நிலை பற்றிக் கேள்விப் பட்டியல் அனுப்பி, பதிலை முதலீட்டாளர்களுக்குப் பயன்படச் செய்கிறது. விருப்பமிருந்தால் பதில் தரலாம். நம் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்களுக்கு இதுபோன்ற அறிக்கையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இரண்டிலும் எங்கள் சந்துகளில் 40 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் கம்பெனி வராது. பங்குச் சந்தைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஒப்பிட்டுப் பார்க்க 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் பக்கத்திலேயே இருக்கிறது. தொழிற்சாலையில் பெண்கள் மீதான வன்முறையையும் துன்புறுத்தலையும் தடுப்பதற்கானது அது. பெண்கள் தலைமையிலான டிடிசியு தொழிற்சங்கமும், ஆடை தயாரிக்கும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், அதனிடம் வாங்கும் எச் அண்ட் எம்மும் சம்பந்தப்பட்டது. சொன்னபடி நடக்காவிட்டால் ஆர்டருக்கே ஆபத்து. தளத்தில் வேலை செய்யும் பெண்களே கண்காணிக்கும் ஏற்பாடு. கேள்விப் பட்டியலுக்கு அந்தப் பல் கிடையாது.

ட்ரஸ்ட்லாவில் விண்ணப்பிக்க நினைக்கும் சிறு அமைப்புகளுக்கு: பத்திரம், பதிவுச் சான்று, தணிக்கை அறிக்கை எல்லாவற்றையும் முதலிலேயே ஸ்கேன் செய்து வையுங்கள். கேள்வியைக் குறுகலாகக் கேளுங்கள். "தொழிலாளர் சட்டம் பற்றி ஆலோசனை வேண்டும்" என்றால் யாரும் எடுக்க யோசிப்பார்கள். "இந்த ஆறு பணியாளர்களின் சம்பளம் எந்தத் தலைப்பில் வரும்" என்றால் ஆள் கிடைக்கும். எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்பதால் தமிழாக்கத்துக்கு ஒருவரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள். முதல் கூட்டத்திலேயே, முடிந்தால், மெஷினில் உட்காரும் ஒருவரையும் பேசச் சொல்லுங்கள்.