வெப்சைட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் டொமைன் யார் பெயரில் என்று கேளுங்கள்

சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் யாராவது வெப்சைட் போடுவதற்காக ஒரு கம்பெனியோடு பேசிக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கம்பெனியின் பெயரைப் போடவில்லை. விஷயம் வக்கீல் கையில் இருக்கிறது, மாமாவும் வேண்டாம் என்றுவிட்டார். ஆனால் இது அந்த ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயம் இல்லை. இதே துறையில் வேலை பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன், ஊருக்கு ஊர் இப்படித்தான் நடக்கிறது.

மாமாவுக்கு ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை. காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளில் பார்த்திருப்பீர்கள், கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டைக் கரைத்து ஊற்றிக் கையாலேயே செய்கிற பூப்போட்ட டைல்ஸ். சூளை கிடையாது, தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைப்பதுதான். இப்போதெல்லாம் ஆர்டர் பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி என்று வெளியூர் ஆர்க்கிடெக்டுகளிடமிருந்துதான் அதிகம் வருகிறது, அவர்கள் பட்டறைக்கு நேரில் வருவதற்கு முன் வெப்சைட்டைத்தான் தேடுகிறார்கள். அதனால் மாமா ஒரு கம்பெனியிடம் கொடுத்தார். சைட்டுக்கு 85,000 ரூபாய், வருஷா வருஷம் மெயின்டனன்ஸ் என்று 18,000, கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று மாதம் 6,000. வேலைக்கு நடுவில் என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்து என்னிடம் சொல்லவே இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த சைட் வழியாக ஒரு விசாரிப்புகூட வரவில்லை. "மாப்ள, என்னன்னு கொஞ்சம் பாரு, நம்ம கடைப் பேரைப் போட்டாலே கூகுள்ல வரமாட்டேங்குது" என்று அவர் போன் செய்த அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

பக்கத்தின் சோர்ஸை, அதாவது பின்னால் இருக்கும் கோடிங்கைத் திறந்தால் மேலேயே 'நோஇன்டெக்ஸ்' என்ற வரி. இந்தப் பக்கத்தைத் தேடலில் காட்டாதே என்று கூகுளுக்குச் சொல்கிற வரி அது. இந்த சைட்டைக் கட்டியிருந்த வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில், செட்டிங்ஸுக்குள் ரீடிங் என்ற பகுதியில் இதற்கென்றே ஒரு டிக் பெட்டி இருக்கிறது, சைட் கட்டி முடியும்வரை டிக் செய்து வைப்பார்கள், திறந்துவிடுகிற அன்று எடுத்துவிட வேண்டும். இவர்கள் எடுக்கவே இல்லை. எடுக்காமலே மாதாமாதம் 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, கலர் கலராகக் கோடு போட்ட ஒரு பிடிஎஃப் ரிப்போர்ட்டையும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாமாவால் அந்த டிக்கைப் பார்த்திருக்கவும் முடியாது, ஏனென்றால் அவருக்குக் கொடுத்திருந்த லாகின் 'எடிட்டர்' லாகின், அதில் செட்டிங்ஸ் பக்கமே தெரியாது. உங்களுக்கு 'அட்மினிஸ்ட்ரேட்டர்' லாகின் தந்திருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள்.

உங்கள் சைட் கூகுளில் இருக்கிறதா என்று பார்க்க எந்தக் கம்பெனியும் வேண்டாம். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் உங்கள் டொமைனை, அதாவது சைட்டின் முகவரிப் பெயரைப் போடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வர வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் உடனே கேள்வி கேளுங்கள். சர்ச் கன்சோல் என்று கூகுளே இலவசமாகத் தருகிற ஒன்று இருக்கிறது, எந்த வார்த்தைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பக்கம் சேரவில்லை, ஏன் சேரவில்லை எல்லாம் அதில் தெரியும். அது உங்கள் ஜிமெயிலில் ஓனர் உரிமையோடு இருக்க வேண்டும். அப்புறம், முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது, அப்படி உத்தரவாதம் தருகிறவரிடம் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது தொடர்புப் படிவம். நானே ஒரு வாடிக்கையாளர் மாதிரி நிரப்பி அனுப்பினேன், 'நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்' என்று பச்சையாக வந்தது, மாமாவின் மெயிலுக்கு ஒன்றும் வரவில்லை. கேட்டால் முதலில் ஸ்பாமில் பாருங்கள் என்றார்கள். விடாமல் கேட்டதில், சோதனைக்காக அவர்கள் பையன் போட்ட ஜிமெயில் முகவரிதான் இன்னும் பெறுநராக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார்கள். இத்தனை நாளும் யார் யார் என்ன கேட்டு எழுதினார்களோ! அந்த மெயில்களையாவது அனுப்புங்கள் என்றதற்குப் பதிலே இல்லை. இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. தொடர்புப் பக்கத்தில் இருந்த மேப்பும் தீமோடு, அதாவது சைட்டின் ரெடிமேட் டிசைனோடு வந்த மாதிரி மேப்தான், ஆத்தங்குடிக்குப் பதில் மெல்போர்னைக் காட்டிக்கொண்டிருந்தது.

படங்களுக்கு வருகிறேன். டைல்ஸ் கடைக்குப் படம்தானே சைட்? மாமா தனியாக போட்டோகிராபர் வைத்து அழகாக எடுத்துக் கொடுத்திருக்கிறார். கேமராவிலிருந்து வந்த 6000 பிக்சல் அகலப் படத்தை, ஒவ்வொன்றும் 7, 8 எம்பி, அப்படியே ஏற்றி 400 பிக்சல் பெட்டிக்குள் சுருக்கிக் காட்டியிருந்தார்கள். ஆபீஸ் வைஃபையில் லேப்டாப்பில் காட்டி ஓகே வாங்கிவிட்டார்கள், போனில் மொபைல் டேட்டாவில் திறந்தால் வெள்ளைத் திரைதான். கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைப் போட்டுப் பார்த்தேன், மொபைலில் முக்கியமான படம் தெரிவதற்கே 20 நொடிக்கு மேல் ஆனது. கூகுள் நல்லது என்று சொல்கிற அளவு 2.5 நொடி.

இதைச் சரிசெய்வது கஷ்டமான வேலை இல்லை. ஸ்கூஷ் என்று ஒரு இலவசக் கருவி, பிரவுசரிலேயே ஓடும், படத்தை அதில் போட்டு அகலத்தை 1200, 1600 என்று குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் 75, 80 தரத்தில் சேமித்தால் பெரும்பாலான படங்கள் சில நூறு கேபிக்குள் வந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. போனுக்குச் சின்னப் படம், பெரிய திரைக்குப் பெரிய படம் என்று பிரித்து அனுப்ப 'எஸ்ஆர்சிசெட்' (srcset) என்ற வசதி கோடிங்கிலேயே இருக்கிறது. பார்ப்பவர் அந்த இடத்துக்கு வரும்போதுதான் படத்தை இறக்குகிற 'லேஸி லோடிங்'கைக் கீழே இருக்கும் படங்களுக்கு மட்டும் போட வேண்டும், இவர்கள் மேலே முதலில் தெரிய வேண்டிய படத்துக்கும் போட்டு அதை இன்னும் தாமதமாக்கியிருந்தார்கள். படத்தின் அகலம் உயரத்தை கோடிங்கில் எழுதாததால், படம் வந்து விழும்போதெல்லாம் எழுத்து கீழே குதிக்கும், நாம் போன் நம்பரைத் தொடப் போனால் விரல் வேறு எதிலோ படும்.

இதைவிட மோசம் கலர். ஆத்தங்குடி டைல்ஸில் அந்தச் சிவப்புக்குத்தான் மதிப்பு. சைட்டில் அது வெளிறிப்போன செங்கல் மாதிரி இருந்தது. மாமா போட்டோகிராபரைத் திட்டியிருக்கிறார், பாவம் அவர்மேல் தப்பே இல்லை. அவர் படங்களை அடோபி ஆர்ஜிபி என்ற கலர் முறையில் கொடுத்திருக்கிறார், இவர்கள் அதை வெப்சைட்டுகளுக்கான பொதுக் கலர் முறையான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றாமல், எந்தக் கலர் முறை என்று சொல்கிற, படத்துக்குள் இருந்த கலர் புரொஃபைலையும் நீக்கிவிட்டு ஏற்றியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பிரவுசர் படத்தை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொண்டு மங்கலாகக் காட்டும். சேமிக்கும்போது எஸ்ஆர்ஜிபிக்கு மாற்று என்ற ஒரு ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தால் போதும். புடவை, நகை, பெயிண்ட் என்று கலரை நம்பித் தொழில் செய்கிறவர்கள் அசல் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று போனில் சைட்டைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்காமல் ஓகே சொல்லாதீர்கள்.

தமிழ்ப் பக்கம் தனிக் கதை. அச்சகத்தில் இருந்த பழைய கேட்டலாகின் பாமினி எழுத்தை (ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய பழைய எழுத்துரு) அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்கள். பார்க்கத் தமிழ் மாதிரிதான் தெரியும், காப்பி செய்து வாட்ஸப்பில் போட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து விழும். கூகுளுக்கும் அது தமிழ் இல்லை, பார்வையற்றவர்களின் போன் வாசித்துக் காட்டும்போதும் தமிழ் இல்லை. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் 1991-லேயே தமிழ் வந்துவிட்டது, இன்றைக்கு இப்படிச் செய்கிறவர்களை என்ன சொல்வது? நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு எழுத்துருவில் இரண்டு கனம் போதும், ஐந்தாறு ஏற்றினால் சைட் கனத்துப்போகும். ஆங்கிலத்துக்கு வைக்கிற வரி இடைவெளியில் தமிழை அடைத்தால் மேல்வரியின் காலும் கீழ்வரியின் கொம்பும் முட்டிக்கொள்ளும், எழுத்தளவைப் போல 1.6, 1.7 மடங்காவது வையுங்கள்.

சரி, இதையெல்லாம் பட்டியல் போட்டு அனுப்பி, திருத்தித் தராவிட்டால் வேறு ஆளிடம் போகிறோம் என்று மாமா சொன்னார். அப்போதுதான் அவர்கள் உண்மையான கணக்கைக் காட்டினார்கள். டொமைன், ஹோஸ்டிங் (சைட்டின் ஃபைல்கள் இருக்கிற சர்வர் இடம்) இரண்டுமே கம்பெனி பெயரில். 'ரிலீஸ் சார்ஜ்' 60,000 ரூபாய் கட்டினால்தான் தருவார்களாம். ஒரு டாட்காம் பெயருக்கு வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான் ஆகும். நிலத்துக்கு நாம் பணம் கொடுத்து, புரோக்கர் தன் பெயரில் பத்திரம் பதிந்துகொண்ட கதைதான் இது. பணம் தர மாட்டோம் என்றதும் சைட்டையே இறக்கிவிட்டார்கள். எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்புச் சான்றிதழுக்கு என்று வருஷம் 4,500 தனியாக வாங்கியிருந்தார்கள், அந்தச் சான்றிதழ் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு கொடுத்தது. அது எல்லோருக்கும் இலவசம். முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் குறியை அழுத்தி உள்ளே போனால் சான்றிதழை யார் கொடுத்தது என்று நீங்களே பார்க்கலாம்.

டாட்காம் பெயரை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு, அதாவது டொமைன் பதிவு செய்துதரும் வேறு நிறுவனத்துக்கு மாற்ற ஆத் கோட் என்ற ஒரு ரகசியக் குறியீடு வேண்டும். உரிமையாளர் கேட்டால் ரெஜிஸ்ட்ரார் 5 நாளுக்குள் தர வேண்டும் என்பது டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கிற ஐகான் அமைப்பின் விதி. ஆனால் பதிவில் உரிமையாளர் என்று இருப்பது கம்பெனிதானே, அதனால் இந்த விதி மாமாவுக்கு உதவவில்லை. டாட்இன் என்றால் அதை நிர்வகிப்பது நிக்ஸி, அங்கே ஐஎன்டிஆர்பி என்று தகராறு தீர்க்கும் முறை இருக்கிறது, உங்கள் கடைப் பெயருக்கு டிரேட்மார்க் இருந்தால் வழக்கு வலுவாக நிற்கும்.

வக்கீல் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கே புதிது. 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாளிடம் காசு கொடுத்து எழுத வைத்த கோட், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லை என்றால் எழுதியவருக்கே சொந்தம். உரிமை நமக்கு மாற வேண்டுமென்றால் எழுத்தில் கையெழுத்தோடு இருக்க வேண்டும். போட்டோவுக்கு நேர்மாறு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லை என்றால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே அது சொந்தம். ஆகவே கொட்டேஷனோடு நிற்காமல், 'முழுப் பணமும் செலுத்தியதும் டிசைன், கோட், உள்ளடக்கம் எல்லாவற்றின் உரிமையும் வாடிக்கையாளருக்கு மாறும்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வியாபாரத்துக்கு வாங்கிய சேவைக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்று கம்பெனிக்காரர்கள் மிரட்டுவார்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவருக்கு 2019 சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அதன் வாசகம் வாங்கிய பொருளைப் பற்றித்தான் பேசுகிறது, சேவைக்கும் பொருந்துமா என்று வக்கீலிடம் கேளுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டுப் பாருங்கள்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் டொமைனை நீங்களே வாங்குங்கள், உங்கள் மெயிலில், ஓடிபி உங்கள் போனுக்கு வருகிற மாதிரி. ஹோஸ்டிங் பில்லும் உங்கள் பெயரில். கம்பெனிக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். மொத்தத்தில் கடைசி 30 சதவீதத்தையாவது கையில் வைத்திருங்கள். அட்மின் லாகின் வந்து, ஃபைல்களும் டேட்டாபேஸும் சேர்ந்த பேக்கப் உங்கள் ஹார்டு டிஸ்க்கில் ஏறி, அதிலிருந்து சைட்டைத் திரும்ப எழுப்ப முடிகிறது என்று தெரிந்த வேறொருவர் செய்து காட்டிய பிறகு கொடுங்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய தீமின் திருட்டுக் காப்பியைப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு, லைசென்ஸ் உங்கள் பெயரில் வாங்கிய ரசீதைக் கேளுங்கள், லைசென்ஸ் இல்லாமல் அப்டேட் வராது, அப்டேட் இல்லாத வேர்ட்பிரஸுக்குள் யார் வேண்டுமானாலும் நுழைவார்கள்.

மாமாவுக்கு வேறு பெயரில் டொமைன் எடுத்து, பழைய வெப்பக்கங்களைச் சேமித்துவைக்கிற வேபேக் மெஷினில் கிடைத்த பக்கங்களிலிருந்து எழுத்தை மீட்டு, நானே சின்னதாக ஒரு சைட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கேட்டலாக், விசிட்டிங் கார்டு, பட்டறை போர்டு எல்லாவற்றிலும் இன்னும் பழைய முகவரிதான் இருக்கிறது, அதற்கான சண்டை நடக்கிறது. டொமைனையும் பேக்கப்பையும் கேட்டு எழுதிய கடிதத்தின் மாதிரி என்னிடம் இருக்கிறது. இதே மாதிரி மாட்டிக்கொண்டிருப்பவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.